கணுக்காலிலிருந்து கையை எடுக்கச் சொல்லும் சுற்றறிக்கை: மருத்துவமனை நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

கணுக்கால் சுளுக்கோடு புறநோயாளிப் பிரிவுக்கு வருபவர்களுக்கு இனிக் கைமுறை சிகிச்சை, அதாவது கையால் மூட்டை அசைத்துக் கொடுக்கும் சிகிச்சை, அளிக்க வேண்டியதில்லை என்றும், ஒலி அலைகளால் சிகிச்சை தரும் அல்ட்ராசவுண்ட் கருவி, எலாஸ்டிக் பேண்டேஜ், அச்சிட்ட பயிற்சித் தாள் ஆகிய மூன்றையும் கொண்டு ஒருவருக்குப் பத்து நிமிடத்தில் சிகிச்சையை முடித்துவிட வேண்டும் என்றும் இயன்முறை மருத்துவப் பிரிவுக்குத் தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை எதிர்த்து இந்த மடலை எழுதுகிறேன். துறைத் தலைவர் வழியாக நாங்கள் கொடுத்த விளக்கத்துக்கு இதுவரை பதில் இல்லை. சுற்றறிக்கையோ நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் விளைவுகளை நொண்டிக்கொண்டு திரும்பி வரும் நோயாளிகளிடம் நாள்தோறும் பார்க்கிறேன். மருத்துவமனைக்குள்ளேயே எழுதிப் பார்த்தாயிற்று என்பதால்தான் இப்போது வெளிப்படையாக எழுதுகிறேன்.

சுற்றறிக்கையில் காரணமாகச் சொல்லப்பட்டிருப்பது ஒரே ஒரு வாக்கியம்: கைமுறை சிகிச்சையின் பலன் தற்காலிகமானது என்று ஆய்வுகள் காட்டுவதால் கருவியும் பயிற்சியுமே போதும். இதன் முற்பாதியை நான் மறுக்கவில்லை. கையால் மூட்டை அசைத்துக் கொடுப்பதை மட்டுமே செய்துவிட்டு நோயாளியை அனுப்பினால், கிடைத்த முன்னேற்றம் நெடுநாள் நிற்பதில்லை. நெதர்லாந்து வல்லுநர்கள் தயாரித்து 2018ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வெளிவந்த கணுக்கால் சுளுக்கு வழிகாட்டி நெறியும், கைமுறை சிகிச்சையால் கிடைப்பது குறுகிய காலப் பலன் என்றே சொல்கிறது. ஆனால் பயிற்சியோடு சேரும்போது அதன் பயன் கூடுகிறது என்பதையும் அதே நெறிதான் சொல்கிறது. சுற்றறிக்கையை எழுதியவர் பாதியிலேயே படிப்பதை நிறுத்திவிட்டார் போலும். பிற்பாதி இதைவிட மோசமானது. 2021இல் திருத்தி வெளியிடப்பட்ட அமெரிக்க இயன்முறை மருத்துவ வழிகாட்டி நெறி, புதிதாக ஏற்பட்ட கணுக்கால் சுளுக்குக்கு அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்தக் கூடாது என்று திட்டவட்டமாகக் கூறுகிறது. வீக்கம் வடியவும், வலியின்றி மூட்டு அசையவும், நடை சீராகவும் பயிற்சியுடன் கைமுறை சிகிச்சையைச் சேர்க்குமாறும் கூறுகிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் இந்தக் காயத்துக்கு அல்ட்ராசவுண்டை ஆதரிக்கவில்லை. ஆக, ஆதாரம் விலக்கச் சொல்வதை வைத்துக்கொண்டு, சேர்க்கச் சொல்வதைத் தாங்கள் விலக்கியிருக்கிறீர்கள்.

நேரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு என்று இது குழுவில் முன்வைக்கப்பட்டதாக அறிகிறேன். அல்ட்ராசவுண்ட் சிகிச்சை தரப்படுவதைக் குழுவில் எவரேனும் அருகில் நின்று பார்த்திருந்தால் இந்த வாதம் எழுந்திருக்காது. தோலின் மேல் ஜெல்லைத் தடவி, கருவியின் தலையைக் கையில் பிடித்து, ஓரிடத்தில் சூடு தேங்கிவிடாதபடி சிகிச்சையாளர் அதை விடாமல் வட்டமாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். மாட்டிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போகும் கருவியன்று அது. அதாவது, எங்கள் கை இப்போதும் அதே கணுக்காலின் மேல்தான், அதே நிமிடங்களுக்கு இருக்கிறது. பயன் தராத ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது என்பது மட்டுமே சுற்றறிக்கை கொண்டுவந்த மாற்றம்.

கை என்ன செய்கிறது என்பதை விளக்க வேண்டியது என் கடமை. பாதம் உட்பக்கமாக மடங்கும்போது பெரும்பாலும் முதலில் காயப்படுவது வெளிக் கணுவின் முன்புறத்தில், கணைக்காலின் வெளிப்புற எலும்பான ஃபிபுலாவையும் அதன் கீழுள்ள டேலஸ் எலும்பையும் இணைக்கும் தசைநார். அடி பலமாக இருந்தால் ஃபிபுலாவிலிருந்து குதிகால் எலும்புக்குச் செல்லும் தசைநாரும் சேர்ந்து கிழியும். இந்த டேலஸ், கணைக்காலின் இரண்டு எலும்புகளும் சேர்ந்து அமைக்கும் கவைக்குள் அமர்ந்திருக்கும் எலும்பு. அதன் மேல் எந்தத் தசையும் ஒட்டிப் பிடிப்பதில்லை என்பது அதன் தனித்தன்மை. பாதத்தை மேல்நோக்கி மடக்கும்போதும், மாடிப்படி இறங்கும்போதும், குந்தி உட்காரும்போதும் அது அந்தக் கவைக்குள் பின்னோக்கிச் சற்றே வழுக்க வேண்டும். சுளுக்குக்குப் பிறகு குறைந்துபோவது பெரும்பாலும் இந்தச் சிறு வழுக்கல்தான். அதை நேராகப் பிடித்து இழுக்கத் தசை எதுவும் இல்லாததால், நோயாளி தன் முயற்சியால் மட்டும் அதை மீட்பது கடினம். சுளுக்கு ஏற்பட்டு மீண்டும் ஆடத் தொடங்கிவிட்ட விளையாட்டு வீரர்களை அமெரிக்காவில் பரிசோதித்து 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பாதம் மேல்நோக்கி மடங்கும் கோணம் ஏறக்குறைய திரும்பியிருந்தும் டேலஸின் பின்வழுக்கல் மட்டும் குறைவாகவே இருந்தது. கோணம் திரும்பிவிட்டதே என்று பயிற்சித் தாளில் டிக் போட்டுவிடலாம். அந்தக் கோணத்தை எந்த மூட்டு வளைந்து கொடுத்து ஈடுகட்டியது என்பது தாளுக்குத் தெரியாது.

சுற்றறிக்கைக்குப் பிறகு என்னிடம் திரும்பி வந்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். நாள் முழுதும் படியேறி இறங்கும் வேலை செய்யும் பெண் அவர். எங்கள் தாளில் உள்ளபடி, சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியைக் காலையும் மாலையும் தவறாமல் செய்திருந்தார். எங்கே இழுக்கிறது என்று கேட்டேன். கெண்டைக்காலில் ஒன்றுமே தெரியவில்லை என்றும், கணுக்காலின் முன்பக்கத்தில் ஏதோ இடிக்கிறது என்றும், பயிற்சி செய்யச் செய்ய அந்த இடி அதிகமாகிறது என்றும் சொன்னார். சுவரைப் பார்த்து நிற்க வைத்து, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலைச் சுவரில் தொடச் சொன்னேன். நல்ல காலின் பெருவிரல் சுவரிலிருந்து ஏறக்குறைய அரைச் சாண் தூரத்தில் இருந்தபோதும் முழங்கால் தொட்டது. அடிபட்ட காலை வைத்தபோது, விரலுக்கும் சுவருக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளி விட்டதுமே குதிகால் எழும்பியது; எழும்பாமல் இருக்கச் சொன்னால், உள்ளங்காலின் வளைவு சரிந்து பாதம் உட்பக்கமாகக் கவிழ்ந்தது. அந்தக் கவிழ்வைத்தான் இத்தனை நாளும் அவர் பயிற்சி என்று செய்துகொண்டிருந்தார். அதில் அவர் பிழை ஏதும் இல்லை; பார்த்துத் திருத்தும் நேரத்தை நாம் அவருக்குக் கொடுக்கவில்லை.

அவரை ஒரு மேடைமேல் காலை வைத்து நிற்கச் சொல்லி, என் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட பகுதியை டேலஸின் முன்புறத்தில், கவைக்குச் சற்றுக் கீழே பொருத்திப் பின்னோக்கித் தாங்கிக்கொண்டேன். கணைக்காலின் பின்புறம் ஒரு பெல்ட்டைச் சுற்றி அதை முன்னோக்கி மென்மையாக இழுத்தேன். அந்த நிலையில் அவரே மெல்ல முழங்காலை முன்னே கொண்டுவந்தார். நியூசிலாந்து இயன்முறை மருத்துவர் பிரையன் மல்லிகன் வகுத்த முறை இது. மூட்டைச் சிகிச்சையாளர் தாங்க, அசைவை நோயாளியே செய்கிறார். வலி இருக்கவே கூடாது என்பது அதன் முதல் விதி. வலித்தால் கை வைத்த இடத்தையோ திசையையோ மாற்ற வேண்டும். அப்போதும் வலித்தால் விட்டுவிட வேண்டும். சில முறை செய்ததும் குதிகால் தரையிலேயே நின்றது, முன்பக்கத்து இடி குறைந்தது. உடனே அதே சுவர்ப் பயிற்சியைச் செய்யச் சொன்னேன். "இப்போதுதான் கெண்டைக்காலில் இழுக்கிறது" என்றார். கைமுறை சிகிச்சையிடம் நாங்கள் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்: பயிற்சி போய்ச் சேர வேண்டிய இடத்தை அது திறந்துவிட வேண்டும். திறந்த பிறகு அதைத் தக்கவைப்பது பயிற்சியின் வேலை. பலன் தற்காலிகமானது என்று சொல்லி முதலாவதை நீக்கினால், இரண்டாவதும் இடம் மாறித்தான் வேலை செய்யும்.

ஆராய்ச்சியும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. சுளுக்கிய மூன்று நாட்களுக்குள் வந்தவர்களைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகியவற்றோடு டேலஸை மென்மையாகப் பின்னோக்கி அசைக்கும் சிகிச்சையையும் பெற்றவர்கள், அதைப் பெறாதவர்களைவிடக் குறைவான அமர்வுகளிலேயே வலியின்றிப் பாதத்தை மடக்கும் நிலையை எட்டினர். ஜாஷுவா கிளிலேண்டும் அவருடைய குழுவினரும் 74 நோயாளிகளைக் கொண்டு செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, நம் பிரச்சினையை நேராகவே தொடுகிறது: ஒரு பிரிவினருக்குக் கைமுறை சிகிச்சையும் பயிற்சியும், மற்றப் பிரிவினருக்குச் சிகிச்சையாளர் கற்றுக்கொடுத்து வீட்டில் செய்யும் பயிற்சி மட்டும். நான்காவது வாரத்திலும் ஆறாவது மாதத்திலும் வலியிலும் அன்றாடச் செயல்பாட்டிலும் முதல் பிரிவினரே மேலாக இருந்தனர். இவை பெரிய ஆய்வுகள் என்று சொல்லமாட்டேன். மல்லிகன் முறையை ஆராய்ந்து 2004இல் வெளிவந்த மற்றொரு சிறிய ஆய்வில் மடங்கும் கோணம் உடனே கூடியது. வலி தாங்கும் அளவில் மாற்றம் இல்லை. அதை மறைக்கவும் எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் இந்த முறையை வலி மறக்கச் செய்யும் தடவலாக நினைப்பவர்களுக்கு அதுவே பதிலாகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "நீவிவிடுவதற்கு எதற்குப் பட்டதாரி?" என்று குழுவின் கூட்டத்தில் ஒருவர் கேட்டதாக எங்கள் காதுக்கு வந்தது. கேள்வியைக் கேட்டவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கேள்விக்கு விடை உண்டு. ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மெய்ட்லண்ட் மூட்டு அசைவைத் தரம் தரமாகப் பிரித்து வைத்தார். வலி முன்னிற்கும் முதல் நாட்களில் அசைவின் தொடக்கத்திலேயே நின்றுவிடும் நுண்ணிய ஊசலாட்டம். விறைப்பு முன்னிற்கும் பிந்தைய நாட்களில் அசைவின் எல்லைவரை செல்லும் அழுத்தம். எந்த நாளில் எந்தத் தரம் என்பதைக் கையின் கீழ் மூட்டு கொடுக்கும் எதிர்ப்பைக் கொண்டே முடிவு செய்கிறோம். கிழிந்த தசைநாரின் மேல் கட்டைவிரலை ஊன்றித் தேய்ப்பது எங்கள் முறையில் இல்லை. எலும்பு முறிந்திருந்தாலும், கணைக்கால் எலும்புகள் இரண்டையும் பிணைக்கும் மேல் தசைநார் கிழிந்திருந்தாலும், கெண்டைக்கால் சூடாகி வீங்கி இரத்தக்கட்டி இருக்குமோ என்ற ஐயம் எழுந்தாலும் கை வைக்கவே கூடாது. தசைநார் முற்றிலும் தளர்ந்து ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் மூட்டை மேலும் அசைப்பதும் தவறு. எதைச் செய்யக் கூடாது என்பதற்காகவே பாதிப் படிப்பு. நோயாளியை மேசையில் படுக்க வைத்து வாரக்கணக்கில் தடவிக்கொடுத்து, ஒரு காலில் நிற்கக்கூடக் கற்றுக்கொடுக்காமல் அனுப்பும் சிகிச்சையாளர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். அவர்களுக்காக நான் வாதாடவில்லை. அதைத் திருத்தும் விதியைத் தாங்கள் கொண்டுவந்தால் முதல் ஆளாக வரவேற்பேன்.

கையை எடுப்பதால் சிகிச்சை மட்டும் போகவில்லை, பரிசோதனையும் சேர்ந்து போகிறது. இதுவே எனக்குப் பெரிய கவலை. எவருக்கு எக்ஸ்ரே வேண்டும், எவருக்கு வேண்டாம் என்று பிரித்தறிய, கனடாவின் ஓட்டாவாவில் இயன் ஸ்டீல் குழுவினர் 1992இல் வெளியிட்ட விதிகளை உலகெங்கும் அவசரப் பிரிவுகள் பின்பற்றுகின்றன. இரு கணு எலும்புகளின் பின் விளிம்பிலும் கீழ் 6 சென்டிமீட்டருக்குள் அழுத்தினால் வலிக்கிறதா, சுண்டுவிரலுக்குப் பின்னால் நீளும் ஐந்தாம் பாத எலும்பின் அடிப்பகுதியில் வலிக்கிறதா, உட்பாதத்தின் நேவிகுலர் எலும்பில் வலிக்கிறதா, அடிபட்டதும் இப்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடிகிறதா என்பவை அந்த விதிகள். நான்கு அடி நடப்பதைத் தவிர மற்ற அனைத்தும் விரலின் வேலை. புதிய ஏற்பாட்டில் சுளுக்கு என்று சீட்டில் எழுதி வந்த ஓர் இளைஞருக்கு வெளிக் கணுவைச் சுற்றிப் பலமுறை அல்ட்ராசவுண்ட் கொடுக்கப்பட்டிருந்தது. வலி எங்கே என்று தொட்டுக் காட்டச் சொன்னபோது அவர் விரல் கணுவுக்குப் போகவே இல்லை. பாதத்தின் வெளி ஓரத்தில், நடுவே புடைத்திருக்கும் எலும்பு முனைக்குப் போனது. நான் லேசாக அழுத்தியதும் காலை உதறி இழுத்துக்கொண்டார். எக்ஸ்ரேயில் ஐந்தாம் பாத எலும்பின் அடிப்பகுதி முறிந்திருந்தது. கருவியை நகர்த்திய சிகிச்சையாளர் திறமையற்றவர் அல்லர். பத்து நிமிடத்தில் ஜெல், கருவி, கட்டு, தாள் என்று நான்கையும் முடிக்கச் சொன்னால் எவரும் சீட்டில் எழுதியிருப்பதை நம்பிவிடவே செய்வார்கள்.

அதேபோல, தசைநார் முழுதாகக் கிழிந்திருக்கிறதா என்பதை அடிபட்ட அன்றே கண்டறிவது கடினம். வீக்கமும் வலியும் சற்று அடங்கிய நான்கைந்து நாட்களில் செய்யும் கைப்பரிசோதனையே நம்பகமானது. சுற்றறிக்கையின் ஏற்பாட்டில் அந்த இரண்டாம் பரிசோதனைக்கு இடமே இல்லை. கட்டு விஷயத்திலும் எலாஸ்டிக் பேண்டேஜைவிடக் கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ் உறைக்கே ஆதாரம் கூடுதல். அதை இங்கு நீட்டவில்லை.

வரிசை நீளம், ஆட்கள் குறைவு என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் பழைய சுளுக்கோடு திரும்பி வந்தவர்கள் என்று பார்க்கப்பட்டதா? சுளுக்கியவர்களில் 40 சதவீதம் பேர்வரை கணுக்கால் மூட்டின் நாள்பட்ட தளர்ச்சிக்கு ஆளாகக்கூடும் என்று முன்னே சொன்ன நெதர்லாந்து நெறி குறிப்பிடுகிறது. சமதரையிலும் கால் பிசகுவதும், மேடுபள்ளத்தைக் கண்டாலே தயங்குவதும், மறுபடி வீங்குவதும் அவர்களுடைய அன்றாடம். சுளுக்கிய கால் சமநிலையை உணரும் திறனை இழப்பதை பிரிட்டிஷ் எலும்பு அறுவை மருத்துவர் ஃப்ரீமன் 1965இலேயே எழுதினார். சமநிலைப் பயிற்சி மறுசுளுக்கைக் குறைக்கிறது என்பது இன்று நன்கு நிறுவப்பட்ட செய்தி. நம் தாளில் ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி ஒன்றுகூட இல்லை. பயிற்சியே தீர்வு என்று அறிவித்த சுற்றறிக்கையோடு இணைக்கப்பட்ட தாள் இது. மேலும், நோயாளி அடுத்த முறை வராவிட்டால் நம் பதிவேட்டில் அவர் "சிகிச்சை முடிந்தது" என்ற பத்தியில் சேர்க்கப்படுகிறார். குணமாகி வராதவரும் வெறுத்து வராதவரும் அங்கே ஒன்றுதான். சுற்றறிக்கை வெற்றி என்று அடுத்த கூட்டத்தில் காட்டப்படவிருக்கும் எண்ணிக்கை அந்தப் பத்தியிலிருந்தே வரும் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

ஆகவே குழுவை நான் கேட்டுக்கொள்வன இவை. கைமுறை சிகிச்சையை விலக்கும் பகுதியைச் சுற்றறிக்கையிலிருந்து நீக்கி, அது யாருக்குத் தேவை, யாருக்குக் கூடாது என்பதைப் பரிசோதித்த சிகிச்சையாளரே முடிவு செய்ய விடுங்கள். பயிற்சி இல்லாமல் கைமுறை சிகிச்சை மட்டும் தரக் கூடாது என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள். கணுக்கால் சுளுக்குக்கு அல்ட்ராசவுண்ட் கொடுப்பதை உடனே நிறுத்துங்கள். முதல் வருகைக்கு முப்பது நிமிடமும் அடுத்த வருகைகளுக்கு இருபது நிமிடமும் ஒதுக்குங்கள். அல்ட்ராசவுண்டை நிறுத்துவதால் மிஞ்சும் நேரம் இதில் ஒரு பகுதியை ஈடுகட்டும், மீதியை எவ்வாறு ஈடுகட்டலாம் என்பதற்கான பணிநேர வரைவைத் துறையிலிருந்து நாங்களே தயாரித்துத் தருகிறோம். அடிபட்ட நான்காம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் ஒரு மறுபரிசோதனையைக் கட்டாயமாக்குங்கள். பயிற்சித் தாளை எங்களோடு சேர்ந்து திருத்தி, சமநிலைப் பயிற்சிகளையும், கணுக்காலின் முன்பக்கத்தில் இடித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு வந்து காட்ட வேண்டும் என்ற குறிப்பையும் அதில் சேருங்கள்.

சுவரிலிருந்து முழங்கால் தொடும் தூரம், ஒற்றைக்காலில் நிற்கும் நேரம், படி இறங்கும்போது வலி ஆகிய மூன்றையும் முதல் நாளிலும் கடைசி நாளிலும் குறித்து வைக்கவும், வராமல் போனவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கவும் ஆணையிடுங்கள். இந்த ஏற்பாட்டை ஆறு மாதம் நடத்திப் பார்க்க அனுமதியுங்கள். அந்தப் பதிவேடு வைக்கப்படும் கூட்டத்தில் எங்கள் துறையிலிருந்து ஒருவரை அமர வையுங்கள். இவற்றில் எதையேனும் மறுப்பதாக இருந்தால், எந்த ஆதாரத்தின் பேரில் மறுக்கிறீர்கள் என்பதை அடுத்த கூட்டத்துக்கு முன் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
புறநோயாளிப் பிரிவின் இயன்முறை மருத்துவர் ஒருவர்